குடைக்கு உரியவர்: ‘சத்ரபதி’ பட்டம் பிறந்த கதை

பம்பாய் விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்துக்கு 1996-ம் ஆண்டில் சத்ரபதி சிவாஜியின் பெயர் சூட்டப்பட்டது. 2017-ல் ‘மகாராஜ்’ என்ற சொல்லும் சேர்ந்தது. தினமும் அந்த நிலையத்தில் இறங்கி வேலைக்குப் போகும் தமிழர்கள் ஏராளம். ஆனால் ‘சத்ரபதி’ என்பது பெற்றோர் இட்ட பெயர் அல்ல. சிவாஜி தமது 44-ம் வயதில் பெரும் தடைகளைத் தாண்டி ஏற்ற பட்டம் அது.

வடமொழியில் ‘சத்ர’ என்றால் குடை. ‘பதி’ என்றால் தலைவன். வழிப்போக்கர் தங்கும் சத்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நம் மூவேந்தரின் வெண்கொற்றக் குடையை நினைத்துக்கொண்டால் பொருள் எளிதில் விளங்கும். குடிமக்களுக்கு நிழல் தருபவன், தனக்கு மேல் வேறொருவர் குடை இல்லாதவன் என்பதே கருத்து.

ஜாகீர்தார் மகன்

1630 பிப்ரவரி 19-ல் ஜுன்னர் அருகே சிவநேரிக் கோட்டையில் சிவாஜி பிறந்தார். தந்தை ஷாஜி, பீஜப்பூர் சுல்தானின் தளபதி. பெங்களூரில் ஜாகீர் பெற்றவர். சுல்தான் கொடுத்ததைச் சுல்தானே பறிக்கவும் முடியும். 1648-ல் செஞ்சி முற்றுகையின்போது ஷாஜியே கைது செய்யப்பட்டார். தாய் ஜீஜாபாயிடம் பூனாவில் வளர்ந்த மகன், கோட்டை கோட்டையாகப் பிடித்துத் தனி ஆட்சி கண்டார்.

1666-ல் சமாதானம் பேசி ஆக்ரா சென்றபோது, அவுரங்கசீப் தர்பாரில் இரண்டாம் தர அதிகாரிகளின் வரிசையில் அவரை நிறுத்தினார்கள். ஒன்பது வயது மகன் சம்பாஜிக்கு முன்பே தரப்பட்ட பதவிக்குச் சமமான இடம் அது! கோபித்து வெளியேறிய சிவாஜி காவலில் வைக்கப்பட்டார்; பிறகு தப்பி ஊர் திரும்பினார். 1668-ல் அவுரங்கசீப் ‘ராஜா’ பட்டத்தை அங்கீகரித்தார். ஆனால் அதுவும் பிறர் கொடுத்ததுதானே!

காசிப் பண்டிதர்

கையில் படையும் கோட்டைகளும் இருந்தும், சுல்தான்களின் கண்ணில் அவர் கலகம் செய்த ஜாகீர்தாரே. பழைய மராட்டியக் குடும்பங்களும் அவரைத் தங்களில் ஒருவராகவே எண்ணின. முடிசூட முனைந்தபோது, அவர் க்ஷத்திரியர் அல்ல என்று உள்ளூர் வைதிகர் சிலர் மறுத்தனர். காசியில் புகழ்பெற்ற காகா பட்டர் வந்து, போன்ஸ்லே வம்சம் மேவாரின் சிசோதியா ராஜபுத்திரர் வழி வந்தது என்று ஏற்றார். 44 வயதில் பூணூல் சடங்கு நடந்தது.

1674 ஜூன் 6-ல் ராய்கட் கோட்டையில் முடிசூட்டு விழா. பம்பாயிலிருந்து ஆங்கிலக் கம்பெனியின் தூதர் ஹென்றி ஆக்ஸிண்டனும் வந்திருந்தார். மகன் தலைமேல் குடை விரிந்ததைப் பார்த்த ஜீஜாபாய், சில நாட்களிலேயே கண்மூடினார்.

பட்டம் வெறும் அலங்காரமாக நிற்கவில்லை. செப்புக் காசுகளில் நாகரி எழுத்தில் அது பொறிக்கப்பட்டது. அரசாங்கப் பாரசீகச் சொற்களுக்கு வடமொழிச் சொற்கள் தரும் அகராதி தயாரானது. 1677-ல் செஞ்சிக் கோட்டையும் அவர் வசமாயிற்று. 1680 ஏப்ரல் 3-ல் ராய்கட்டில் சிவாஜி காலமானார். பின்னாளில் அவர் மகன் ராஜாராம், மொகலாயர் முற்றுகைக்கு நடுவே அந்தச் செஞ்சியிலிருந்தே சத்ரபதியாக ஆண்டார்.

மீண்டும் அதே கேள்வி

பட்டம் பின்னர் சதாரா, கோலாப்பூர் என இரு கிளைகளாயிற்று. சதாராவை 1848-ல் ஆங்கிலேயர் இணைத்துக்கொண்டனர். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் பழைய கேள்வி ஓயவில்லை. கோலாப்பூர் சத்ரபதி ஷாகு மகாராஜாவுக்கு வேத முறைப்படி சடங்கு செய்யப் புரோகிதர்கள் மறுத்தனர். அவர் 1902-ல் தம் அரசாங்க வேலைகளில் பாதியைப் பிற்பட்ட மக்களுக்கு ஒதுக்கினார். சிவாஜி தேடிய குடையின் நிழல், அன்று கச்சேரி வாசலுக்கு வெளியே நின்றவர்கள் மீதும் விழுந்தது.