விலா எலும்புகளை எண்ணிய ஓவியர்

குதிரைக்கு எத்தனை சோடி விலா எலும்புகள் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். உழ்ஹிய்யா நாட்களில் ஆட்டின் விலாவை எல்லோரும் கண்டிருக்கிறோம். ஆட்டுக்கு 13 சோடி. நாய்க்கும் 13 சோடிதான். மனிதருக்கு 12. குதிரைக்கோ 18 சோடி. இன்று புத்தகத்தைத் திறந்தால் இதை அறிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். ஆனால் இந்த விலாக்களையும் அவற்றைத் தாங்கும் முள்ளந்தண்டையும் உள்ளது உள்ளபடி வரைந்து காட்டுவதற்காக ஒரு மனிதர் தம் வாழ்வில் பத்து ஆண்டுகளைக் கொடுத்தார். அவர் வைத்தியர் அல்லர், ஓவியர். பெயர் ஜோர்ஜ் ஸ்டப்ஸ்.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் 1724 ஓகஸ்ட் 25ஆம் திகதி அவர் பிறந்தார். தந்தை ஜோன் ஸ்டப்ஸ் பதனிட்ட தோலை மெருகேற்றிக் கொடுக்கும் தொழில் செய்தவர். தோல் கடையில் வளர்ந்த பிள்ளைக்குத் தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை வந்ததில் வியப்பில்லை. எட்டு வயதளவில், அயலில் இருந்த ஒரு வைத்தியர் எலும்புகளை இரவல் கொடுக்க, சிறுவன் அவற்றைப் பார்த்துப் பார்த்து வரைந்தான். மகன் தம் தொழிலுக்கு வரவேண்டும் என்றே தந்தை விரும்பினார். இறுதியில் அவன் விருப்பத்துக்கு இணங்கினார். 1741இல் அவர் இறந்துபோனார்.

அப்போது ஸ்டப்ஸுக்கு ஏறத்தாழ 17 வயது, உயர்தர வகுப்பில் இருக்கும் எங்கள் வயது. ஹம்லெட் வின்ஸ்டன்லி என்ற ஓவியரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். ஒரு பிரபுவின் மாளிகையில் இருந்த பழைய ஓவியங்களைப் பார்த்துப் பிரதி வரைவதுதான் வேலை. எந்த ஓவியத்தைப் பிரதி செய்வது என்பதில் ஆசிரியருக்கும் மாணவனுக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டது. சில வாரங்களில் வெளியேறிவிட்டார். இனிமேல் பிறருடைய படங்களைப் பார்த்து வரைவதில்லை, இயற்கையைப் பார்த்தே வரைவேன் என்று அன்று முடிவெடுத்தார். கோபத்தில் எடுத்த முடிவு போலத்தான் தோன்றுகிறது. ஆயினும் 81 வயது வரை அதை அவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

இருபது வயதுக்குப் பின் யோர்க் நகருக்குச் சென்றார். அங்கே சார்ள்ஸ் அட்கின்சன் என்ற சத்திரசிகிச்சை வைத்தியரிடம் உடலமைப்பியல் கற்றார். பகலில் மனிதர்களின் முகங்களை வரைந்து சம்பாதித்தார். விரைவில் மருத்துவ மாணவர்களுக்கே உடலமைப்பைக் கற்பிக்கும் அளவுக்குத் தேறினார். அந்நகரின் வைத்தியர் ஜோன் பேர்ட்டன் பிரசவம் பற்றி எழுதிய நூல் 1751இல் வெளிவந்தது. அதற்கான படங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கும் வேலை ஸ்டப்ஸுக்குக் கிடைத்தது. அவருக்கோ செதுக்கத் தெரியாது. வீடுகளுக்கு வர்ணம் பூசும் ஒருவரிடம் கொஞ்சம் கேட்டறிந்து, ஓர் அரைப்பென்னி நாணயத்தில், தையல் ஊசியால் பழகிப் பார்த்தார். படங்கள் வெளிவந்தன. அவருக்குத் திருப்தி இல்லை. தம் பெயரை அவற்றில் போடவே இல்லை.

1754இல் ரோம் நகருக்குப் போய்வந்தார். அக்கால ஓவியர்கள் அங்குள்ள சிலைகளையும் ஓவியங்களையும் பிரதி செய்து ஆண்டுக் கணக்கில் இருப்பார்கள். கலையை விட இயற்கையே மேலானது என்று தமக்குத்தாமே உறுதிசெய்துகொண்டு ஸ்டப்ஸ் சீக்கிரமே திரும்பிவிட்டார்.

குதிரையின் உடலமைப்பைப் பற்றி அதுவரை ஒன்றுமே இல்லாமல் இருக்கவில்லை. அரபு மொழியில் குதிரை வைத்தியம் பெரியதோர் அறிவுத்துறையாக இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் எகிப்தின் மம்லூக் சுல்தான் நாசிர் முஹம்மதின் குதிரை வைத்தியரான அபூபக்ர் அல்-பைத்தார் அத்துறையில் புகழ்பெற்ற நூலொன்றை எழுதினார். ஐரோப்பாவில், இத்தாலியின் கார்லோ ருயினி எழுதிய குதிரை உடலமைப்பு நூல் 1598இல் வெளிவந்தது. நல்ல நூல். ஆனால் அதற்குப் பின் நூறாண்டுகளுக்கு மேலாகப் பலரும் குதிரையைத் திறந்து பார்க்காமல் ருயினியின் படங்களையே பார்த்து வரைந்துகொண்டிருந்தார்கள். பிரதி செய்வதை வெறுத்த மனிதருக்கு இது பொறுக்குமா?

1756இல் லிங்கன்ஷயர் பகுதியில் ஹோர்க்ஸ்டோ என்ற ஒதுக்குப்புறமான கிராமத்தில் ஒரு பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்தார். அங்கே ஏறத்தாழ 18 மாதங்கள் அவர் செய்த வேலையைப் படிக்கும்போது மனம் திடுக்கிடும். உயிருள்ள குதிரையின் கழுத்து நாளத்தைத் திறந்து குருதியை வடியவிட்டுக் கொன்றார். பின் குருதிக் குழாய்களுக்குள் உருக்கிய கொழுப்பைச் செலுத்தினார். அவை சுருங்காமல் உருவம் காட்டி நிற்பதற்காக அவ்வாறு செய்தார். அடுத்து, முகட்டில் பொருத்திய இரும்புக் கம்பியிலிருந்து பல அளவுக் கொக்கிகளைத் தொங்கவிட்டார். அந்தக் கொக்கிகளை மறுபக்க விலா எலும்புகளுக்கு இடையே நுழைத்து முள்ளந்தண்டின் கீழாக மாட்டிக் குதிரையைத் தூக்கி நிறுத்தினார். கால்களைத் தொங்கும் பலகை ஒன்றின் மேல், நடப்பது போன்ற நிலையில் வைத்தார். இறந்த குதிரை நின்றது. அது நின்றதற்குக் காரணம் அந்த முள்ளந்தண்டுதான்.

பின்னர் படை படையாக உரிக்கத் தொடங்கினார். முதலில் தோல், பிறகு முதல் அடுக்குத் தசை, அதன்கீழ் அடுத்தது. ஒவ்வோர் அடுக்கையும் அளந்து, வரைந்து, எழுதிவைத்த பின்னரே அடுத்ததைத் தொட்டார். இப்படியே எலும்பு வரை சென்றார். ஒரு குதிரை 11 வாரங்கள் வரை தொங்கிக்கொண்டிருந்ததும் உண்டு. எங்கள் ஆய்வுகூடத்தில் உள்ள ஃபோர்மலின் அன்று இல்லை. அந்த வீட்டின் நாற்றத்தை நினைத்துப் பாருங்கள்! கெட்டுப்போன உடலை அகற்றி, இன்னொரு குதிரையை வைத்து மீண்டும் தொடங்கினார்.

வாயில்லாப் பிராணிகளிடம் இரக்கம் காட்டச் சொல்லும் மார்க்கத்தில் வளர்ந்த எனக்கு இந்தப் பகுதியை எழுதக் கை தயங்குகிறது. உழ்ஹிய்யாவில் கூட, கத்தியைப் பிராணி காணாதபடி மறைக்க வேண்டும் என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஸ்டப்ஸின் படங்களால் பின்னர் எத்தனையோ குதிரைகளுக்கு நல்ல வைத்தியம் கிடைத்திருக்கும் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னாலும் அந்த வீட்டில் குருதி வடிந்த குதிரைகளை நான் மறக்க விரும்பவில்லை.

இன்னொருவரையும் மறக்கக்கூடாது. அவர் மேரி ஸ்பென்சர். ஸ்டப்ஸின் வீட்டில் இறுதிவரை வாழ்ந்த இந்தப் பெண்தான் அந்தப் பண்ணை வீட்டில் அவருடைய ஒரே உதவியாளர். நூலின் முகப்பில் அவர் பெயர் இல்லை. ஸ்டப்ஸின் உடல்பலத்தைப் பற்றிக் கதைகள் உண்டு. இறந்த குதிரையைத் தனியாளாக முதுகில் சுமந்து மாடிப்படி ஏறினார் என்றும் ஒரு கதை. குதிரையின் எடை 400, 500 கிலோ வரும். இதை நம்புகிறவர் நம்பட்டும்! கப்பியும் கயிறும் மேரியின் கைகளும்தான் அதைத் தூக்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அப்படி அவர் கண்டதுதான் என்ன? கழுத்தில் 7 முள்ளென்புகள். நமக்கும் 7, நாய்க்கும் 7. ஆனால் குதிரையில் அவை பிடரி மயிரின் வழியே செல்வதில்லை. கழுத்தின் அடிப்பகுதியில் மிகவும் கீழே இறங்கி வளைந்து செல்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவர் இதை ஊகிக்கவே முடியாது. நெஞ்சறையில் 18 முள்ளென்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு சோடி விலா. முன்பகுதி முள்ளென்புகளின் முட்கள் மிக நீண்டு மேலெழுகின்றன. சேணத்துக்கு முன்னால் தெரியும் மேடு அவைதான். நாரிப் பகுதியில் பொதுவாக 6, அதன்பின் ஒன்றாக இணைந்த 5, பிறகு வால். நாய்க்கு நெஞ்சறையில் 13, நாரியில் 7, இணைந்தவை 3. விலாக்களில் முதல் 8 சோடிகள் மட்டுமே குதிரையின் மார்பென்பை நேராகத் தொடுகின்றன. மீதி 10 சோடிகளின் கசியிழைய முனைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வளைவாக முடிகின்றன.

என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. குதிரைக்குக் காறையெலும்பு இல்லை. முன்னங்கால்கள் முள்ளந்தண்டோடு எந்த மூட்டாலும் இணைக்கப்படவில்லை. தோள்பட்டை எலும்புகள் இரண்டுக்கும் இடையில், விசிறி போல் விரிந்த தசைகளால் விலாக்கூடு தொங்குகிறது. இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய ஏணையில் பிள்ளை கிடப்பது போல. நாயிலும் இதே ஏற்பாடுதான். பாய்ந்து தரையில் இறங்கும்போது ஏற்படும் அதிர்ச்சியை இந்த ஏணைதான் வாங்கிக்கொள்கிறது.

வரைபடங்களோடு ஸ்டப்ஸ் இலண்டனுக்குப் போனார். செதுக்குநர்களைத் தேடினார். ஒருவரும் இந்த வேலையை ஏற்கவில்லை. யோர்க்கில் அரைப்பென்னியில் பழகிய கை இப்போது உதவியது. பகலில் ஓவியம் வரைந்து பிழைத்தார். அதிகாலையிலும் இரவிலும் செப்புத் தகடுகளைச் செதுக்கினார். ஆறேழு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. 1766இல் குதிரையின் உடலமைப்பு பற்றிய அவரது நூல் வெளிவந்தது. மொத்தம் 18 படங்கள், விலாவின் எண்ணிக்கையைப் போலவே. மூன்று எலும்புக்கூட்டைக் காட்டின, 15 தசையடுக்குகளைக் காட்டின. ஒவ்வோர் அடுக்கும் பக்கத்திலிருந்து, முன்னாலிருந்து, பின்னாலிருந்து என மூன்று தடவை வரையப்பட்டது. இங்கிலாந்தில் மிருக வைத்தியக் கல்லூரி தோன்றியது 1791இல்தான் என்பதை நினைத்தால் இந்நூல் எவ்வளவு முந்தியது என்பது புரியும். ஒல்லாந்து நாட்டின் பேரறிஞர் பேத்ரஸ் கம்பர், ஒரே மனிதர் உடலமைப்பு அறிஞராகவும் ஓவியராகவும் செதுக்குநராகவும் இருப்பதைக் கண்டு வியந்து அவருக்குக் கடிதம் எழுதினார்.

நூல் வரும் முன்பே பிரபுக்கள் தங்கள் பந்தயக் குதிரைகளையும் வேட்டை நாய்களையும் வரைய அவரை அழைக்கத் தொடங்கியிருந்தனர். 1762 அளவில் அவர் வரைந்த விசில்ஜக்கெட் என்ற குதிரையின் ஓவியம் இப்போது இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. ஏறத்தாழ மூன்று மீற்றர் உயரம். பின்னணியில் மரமில்லை, மலையில்லை, சவாரி செய்பவரும் இல்லை. குதிரை மட்டும்தான். அதன் பாட்டனார் கொடோல்பின் அரேபியன் எனப் பெயர்பெற்ற குதிரை என்பது நமக்கு ஒரு சிறு பெருமை. அந்தத் தவிட்டு நிறத் தோலுக்குள் 18 விலாக்களும் அடங்கியிருப்பது, அவரது எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தபின் இந்த ஓவியத்தைப் பார்ப்பவருக்கே தெரியும்.

இவ்வளவு அறிந்தவர் ஓர் இடத்தில் தவறினார். 1791இல் பரோனெட் என்ற பந்தயக் குதிரையை வரைந்தபோது, அக்கால வழக்கப்படி முன்கால்கள் முன்னும் பின்கால்கள் பின்னும் நீட்டிக் காற்றில் பறப்பதாகவே காட்டினார். குதிரை அப்படி ஓடுவதில்லை. 1878இல் மைபிரிட்ஜ் எடுத்த தொடர் நிழற்படங்கள் அதைக் காட்டின. குதிரையின் நான்கு கால்களும் தரையை விட்டு எழும் கணத்தில் அவை வயிற்றின் கீழ் மடிந்திருந்தன. ஆனால் வேட்டை நாய் அப்படி நீண்டு பறக்கத்தான் செய்கிறது! நாயின் முள்ளந்தண்டு வில்லாக வளைந்து நிமிரும். குதிரையின் முதுகு ஓட்டத்திலும் பெரும்பாலும் விறைப்பாகவே இருக்கும். ஓவியர்கள் நாயின் ஓட்டத்தைக் குதிரைக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த முள்ளந்தண்டைக் கையால் தொட்டு அளந்த ஸ்டப்ஸே பிறரைப் பின்பற்றியதுதான் எனக்கு வியப்பு. ஹோர்க்ஸ்டோவின் குதிரைகள் அசையாமல் நின்றன. ஓடும் குதிரையை நிறுத்திப் பார்க்க அன்று வழியில்லை.

71 வயதில், 1795இல், மனிதன், புலி, கோழி ஆகிய மூன்றின் உடலமைப்பையும் ஒப்பிட்டு ஒரு நூல் செய்யத் தொடங்கினார். திட்டமிட்டவை 30 படங்கள். அவற்றுள் பாதியை முடித்திருந்த நிலையில் 1806 ஜூலை 10ஆம் திகதி இலண்டனில் காலமானார். வாழ்வின் கடைசி நாற்பது ஆண்டுகளில் தண்ணீரைத் தவிர வேறெந்தப் பானமும் அருந்தவில்லை என்று சொல்வார்கள். அவரது சொத்துகள் மேரி ஸ்பென்சருக்குச் சென்றன. குதிரை நூலுக்கான மூல வரைபடங்கள் கைமாறிக் கைமாறி 1879இல் இலண்டன் றோயல் அக்கடமியை அடைந்தன. புலிக்கும் கோழிக்கும் மனிதனுக்குமான வரைபடங்கள் நீண்டகாலம் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1957இல், அமெரிக்காவின் வூஸ்டர் நகரப் பொது நூலகத்தில், நூற்றுக்கு மேற்பட்ட தாள்களாக அவை கண்டெடுக்கப்பட்டன.