சீயோன் குமாரத்தியைக் கண்ட தஞ்சைப் புலவர்

கனாக் காண்டல் யாவர்க்கும் இயல்பு. கண்ட கனாவின் பொருளை உரைத்தலோ சிலர்க்கே கைகூடும். எபிரேயத் தீர்க்கதரிசிகள் கண்ட தரிசனங்களை ஓதும்போதெல்லாம் இவ்வெண்ணம் எம் உள்ளத்தில் எழுவதுண்டு. சக்கரங்களுக்குள்ளே சக்கரங்களும், நான்கு முகமுடைய சீவன்களும், பறக்கும் புத்தகச் சுருளும் காணுமிடத்து, இவற்றின் பொருள் யாதோவென மயங்காதார் அரியர். அம்மயக்கந் தீர்க்குங் கருவியைத் தமிழ்மொழியின் நாடக மரபிலே தேடிக் கண்டெடுத்தவர் ஒருவர் உளர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் என்பது அவர் திருப்பெயர். அப்பெரியார் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

வரலாற்றிற் புகுமுன், தரிசனங்களுக்குப் பொருள் கொள்ளும் நெறியைச் சிறிது நோக்குவோம். எரேமியா ஒரு வாதுமைக் கிளையைக் கண்டார். எபிரேயத்தில் வாதுமையை உணர்த்தும் ஷாக்கேத் என்னுஞ் சொல்லும், விழித்திருந்து காப்பவனை உணர்த்தும் ஷோக்கேத் என்னுஞ் சொல்லும் ஒலியால் மிக நெருங்கியவை. ஆதலின், கிளையைக் கண்டவர் தம் வார்த்தையை நிறைவேற்ற இறைவன் விழித்திருத்தலை உணர்ந்தார். ஆமோஸ் கண்ட கோடைப்பழக் கூடையும் அத்தகையதே. பழத்தைக் குறிக்குஞ் சொல் முடிவு என்னுஞ் சொல்லை நினைப்பித்தது. தமிழில் சிலேடை பயின்ற மாணவர்க்கு இது புதுமையன்று. சகரியாவோ பொன்விளக்குத் தண்டையும் அதன் இருமருங்கும் நின்ற ஒலிவமரங்களையும் கண்டு பொருளறியாது தேவதூதனை வினவினார். எசேக்கியேல் கண்ட உலர்ந்த எலும்புகள் பாபிலோனில் நம்பிக்கை இழந்து கிடந்த இஸ்ரவேல் மக்களே என்பது அத்தரிசனத்திற்குள்ளேயே விளக்கப்பட்டுளது. இவற்றால் நாம் அறிவது ஒன்றுண்டு. தரிசனத்தின் பொருளை முதற்கண் அதன் சொல்லிலும், அது பிறந்த காலத்திலும், அதனைக் கேட்ட மக்களின் துயரிலும் தேடல் வேண்டும். அதன் பின்னரே நம் காலத்திற்கும் நம் வாழ்விற்கும் அதனைப் பொருத்திக் காண்டல் தகும்.

நிற்க. வேதநாயகர் 1774-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7-ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையின் பாளையங்கோட்டையில் தோன்றினார். தந்தையார் தேவசகாயம் பிள்ளை. தாயார் ஞானப்பூ அம்மையார். இளமையிலேயே அன்னையை இழந்த அச்சிறுவரின் கூரிய அறிவைப் பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்சு ஐயர் கண்டு வியந்து, தந்தையாரின் இசைவு பெற்றுத் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழப் பன்னிரண்டு. பின்னர்த் தரங்கம்பாடி சென்று, இயற்கை நூலிலும் வல்லவராகிய டாக்டர் ஜான் முதலியோரிடம் வேதநூலும் பிற கலைகளும் பயின்றார். தஞ்சைக்கு மீண்டு, பத்தொன்பது வயதளவில் அங்கிருந்த கல்விச்சாலைக்குத் தலைமையாசிரியரானார். எம்மை ஒத்த வயதில் அவர் பிறர்க்குக் கற்பிக்கத் தொடங்கினார் என்பதை எண்ணும்போது நாணமும் ஊக்கமும் ஒருங்கே தோன்றுகின்றன.

சுவார்ட்சு ஐயரின் பாதுகாப்பில் வளர்ந்த மற்றொருவர் இளவரசர் சரபோஜி. புலவரும் இளவரசரும் இளமை தொட்டு நண்பர். 1798-இல் ஐயர் இறைவனடி சேர்ந்தார். அவ்வாண்டிலேயே சரபோஜி அரியணை ஏறினார். இசையும் நாடகமுங் கலைகளுஞ் செழித்த அத்தஞ்சையிலே குறவஞ்சி நாடகம் மக்கள் பெரிதும் விரும்பியதாகும். தலைவன் உலாப் போதலும், தலைவி அவனைக் கண்டு காதல் கொண்டு வருந்துதலும், குறத்தி வந்து மலைவளங் கூறிக் கைபார்த்துக் குறி சொல்லுதலும், அவளைத் தேடிவருஞ் சிங்கன் பறவைக்கு வலை வீசுதலும் அந்நாடகத்தின் உறுப்புக்கள். திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பயின்றோர் இதனை நன்கறிவர்.

இம்மரபினைக் கைக்கொண்டு சாஸ்திரியார் 1800-ஆம் ஆண்டிற் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். எபிரேயத் தீர்க்கதரிசிகள் எருசலேம் நகரை ஒரு பெண்ணாக உருவகித்துச் சீயோன் குமாரத்தி என்றழைத்தனர். ஏசாயாவில் அவள் ஆறுதல் பெறுகின்றாள். புலம்பலில் மணிமுடி இழந்து அழுகின்றாள். சகரியாவில் கழுதைமேல் எளியராய் வரும் அரசரை எதிர்கொண்டு களிகூருமாறு அழைக்கப்படுகின்றாள். யூதர்க்கு அவள் தம் நகரமும் தம் மக்களுமே. கிறிஸ்தவ மரபு அவளிடத்துத் திருச்சபையையுங் கண்டது. சாஸ்திரியார் அவளைத் தேவமோகினி என்னுந் தமிழ்த் தலைவியாக்கினார். உலாவரும் பெத்லகேம் நாதர் தலைவர், குறி சொல்லுங் குறத்தி விசுவாசம், சிங்கன் குருமார், துணைநிற்கும் நூவன் உபதேசியார், வீசும் வலை நற்செய்தி, அதன்கண் அகப்படும் பறவைகள் சபையிற் சேரும் மாந்தர். இன்னது இன்னதற்கு அடையாளமென நூலாசிரியரே தெளிவுறுத்தியமையால், சகரியாவுக்குத் தூதன் செய்த உதவியை அவர் தமிழ்மக்கட்குச் செய்தார் எனலாம்.

குறத்தியை விசுவாசத்திற்கு உருவாக அமைத்தமை மிக நுண்ணிது. தலைவி தலைவனை மீண்டுங் காணாமுன்னரே, அவன் வருவான் என உறுதி கூறுபவள் குறத்தி. காணாததை உறுதியென நம்புதலே விசுவாசமன்றோ? மேலும், அக்காலத்து மேனாட்டாரிடங் கற்ற வானநூற் செய்திகளையும் நிலநூற் செய்திகளையும் இந்நூலில் அமைத்து, வேதமும் கலையறிவும் பகையல்ல என்பதைக் காட்டினார். அரசர் தம் தெய்வத்தைப் பாடுமாறு கேட்டபோதும் நட்பிற்காகத் தம் கொள்கையை விடாது மறுத்தனர் என்று வழிவழியாகக் கூறுவர்.

இனி, அவர் வாழ்வின் இடர்மிக்க பகுதியைக் கூறாது விடுதல் நேர்மையன்று. சுவார்ட்சு ஐயருக்குப் பின்வந்த மிஷனரிமார் சபையிற் சில மாற்றங்களைப் புகுத்த முனைந்தனர். 1829-ஆம் ஆண்டளவிற் பூசல் முற்றியது. பழைய தமிழ் வேத மொழிபெயர்ப்பை மாற்றுதலையும், ஆலயத்திலே தமிழ்க் கீர்த்தனைகளைத் தடுத்தலையும், திருநாட்களிலும் மணவிழாக்களிலும் மலர்களை விலக்குதலையும் சாஸ்திரியார் எதிர்த்தார். அவ்வெதிர்ப்பின் பயனையும் நாம் நுகர்கின்றோம். அவர் கீர்த்தனைகள் இன்றும் தமிழ்த் திருச்சபைகளிலே முழங்குகின்றன. ஆயின், சாதி வேற்றுமையின்றி அனைவரும் ஒன்றாதல் வேண்டுமென்ற மாற்றத்தையும் அவர் எதிர்த்தார். சாதியாசாரத்திற்குச் சார்பாக நூலும் எழுதினார். இப்பூசலால் மிஷன் ஊழியத்தை இழந்தார். சரபோஜி மன்னர் ஊதியம் அளித்து ஆதரித்தார். 1832-இல் மன்னர் மறைந்தபின் அவ்வாதரவும் நெடிது நிலைக்கவில்லை. முதுமையிலுந் தமிழ்ப்பாடலை விடாத சாஸ்திரியார், 1864-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 24-ஆம் நாள் தம் எண்பத்தொன்பதாம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

எல்லார்க்கும் வலை வீசப்பட்டதென்று பாடியவர், அவ்வலையில் வந்தோர் வேறுவேறாக அமர்தல் வேண்டுமென்று வாதித்தது எங்ஙனம்? இவ்வினா எம்மை நெடுநாள் வருத்தியது. விடை எம் ஊரிலே தோன்றியது. கட்டுமாவடி பாக்குநீரிணையின் கரையிலுள்ள மீன்பிடி ஊர். 1974-இல் புதுக்கோட்டை மாவட்டம் அமையுமுன் எம் அறந்தாங்கி வட்டாரமும் சாஸ்திரியாரின் தஞ்சைச் சீமையைச் சேர்ந்ததே. சென்ற விடுமுறையில் ஒருநாள் வைகறையிலே, மீன் விலைகூறும் ஆரவாரத்தினிடையே ஒரு முதியவர் வலையை உதறுதலைக் கண்டேம். பெரியனவும் சிறியனவும், விலைமிக்கனவும் எளியனவும் ஆகிய பலவகை மீன்கள் ஒருங்கே வீழ்ந்தன. உடனே எசேக்கியேலின் இறுதித் தரிசனம் நினைவிற்கு வந்தது. ஆலயத்திலிருந்து ஓர் ஆறு புறப்பட்டு உப்புக்கடலிற் பாய, அக்கடல் நன்னீராகி, கரையெங்கும் மீன்பிடிப்போர் நின்று வலை விரிக்கின்றனர். பலவகை மீன்களும் திரளாக உண்டாகின்றன. ஆயினும், அக்கடலருகேயுள்ள சேற்று நிலங்களும் சதுப்புக்களும் நன்னீர் ஆகாது உப்பாகவே விடப்படுகின்றன.

முன்பெல்லாம் அவ்விறுதி அடியைப் பொருட்படுத்தாது கடந்து செல்வேம். அன்று, வற்றிய நீர்க்கரையில் வெண்மை பூத்துக்கிடந்த உவர்ச்சேற்றை நோக்கியபோது அதுவே எம்மை நிறுத்தியது. எசேக்கியேல் உப்பு நிலத்தைத்தான் கூறினார். அதனை மனித உள்ளத்திற்குப் பொருத்திக் காண்பது எம் துணிபு. ஆறு பாய்ந்த உள்ளத்திலும் அந்நீர் ஏறாத சதுப்பு ஒன்று எஞ்சி நிற்றல் கூடும். சாஸ்திரியார் உள்ளத்தில் எஞ்சிய சதுப்பு சாதியாசாரம். அது கண்டு அவரை இகழ்தல் எளிது. எம் ஊர்களிலும் சபைகளிலும், ஏன், எம் மாணவர் விடுதியிலுங்கூட அவ்வுவர்நிலம் இன்னும் வற்றாது கிடத்தலை ஒப்புக்கொள்வதே அரிது.

ஆதலின், தரிசனத்திற்குப் பொருள் உரைத்தல் ஒரு பாதிப் பணியே. அப்பொருள் தன்னைச் சுடுமாறு இடங்கொடுத்தல் மறுபாதி. முன்னதைச் சாஸ்திரியார் ஒப்பற்ற தமிழிலே செய்து நமக்கு வைத்துச் சென்றார். சீயோன் குமாரத்தியைத் தமிழ் மகளாகக் கண்ட அப்பெரும்புலவரை நன்றியோடு போற்றி, அவர் செய்யாது விட்ட மறுபாதியை மாணவராகிய நாம் மேற்கொள்வோமாக!