ரிபோநியூக்கிளியேசின் உருவத்தைக் கண்ட கோபிநாத் கர்த்தா

கொட்டியாரக்குடாவை அண்டிய கிண்ணியாவில் 2017 ஆம் ஆண்டின் முற்பகுதியில் டெங்குக் காய்ச்சல் பரவிப் பல உயிர்களைக் காவுகொண்டதைத் திருகோணமலை மாவட்ட மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். டெங்கு வைரசின் பரம்பரைச் செய்தி முழுவதும் ஆர்.என்.ஏ. என்னும் மெல்லிய இழை ஒன்றில் அடங்கியுள்ளது. காய்ச்சலின் முதல் நாட்களில் இரத்தத்தில் அந்த இழையைத் தேடுவது நோயை உறுதிசெய்யும் வழிகளுள் ஒன்றாகும். ஆனால் நமது கடலோர வெப்பத்தில் இரத்த மாதிரியைக் குளிரில் பேணாது விட்டால், ஆய்வுகூடத்தை அடையும் முன்பே இழை சிதைந்துவிடக்கூடும். அதனைச் சிதைப்பவை ரிபோநியூக்கிளியேசு எனப்படும் நொதியங்கள். அவை இரத்தத்திலும் உண்டு. மாதிரியைத் தொடும் விரல்நுனித் தோலிலும் உண்டு.

இவ்வகை நொதியம் ஒன்றின் முழு உருவத்தையும் 1967 ஆம் ஆண்டில் உலகுக்குக் காட்டிய குழுவின் முதன்மையாளர் கோபிநாத் கர்த்தா. பளிங்குருவியல் அறிஞர்கள் நன்கறிந்த பெயர் இது. எனினும், சென்னையில் அவருடைய ஆசானாக இருந்த ஜி.என். இராமச்சந்திரனின் பெயரை அறிந்த நம்மவர் பலரும் இப்பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

கர்த்தா 1927 ஜனவரியில் கேரளத்தின் ஆலப்புழையை அடுத்த சேர்த்தலையில் பிறந்தார். 1952 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறைக்குத் தலைமையேற்ற இராமச்சந்திரனிடம் சேர்ந்த முதல் மாணவர்களுள் அவரும் ஒருவர். தோலுக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் கொலாஜன் புரதத்தை இருவரும் ஆராய்ந்தனர். அண்டையில் இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் மூலம் கிடைத்த கங்காரு வாலின் தசைநாண் தெளிவான எக்ஸ் கதிர்ப் படங்களைத் தந்தது. மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிய கயிறே கொலாஜன் என்று 1954 இலும் 1955 இலும் அவர்கள் வெளியிட்ட கட்டுரைகள் கூறின. நுட்ப விவரங்களில் கிரிக் உள்ளிட்டோர் மாறுபட்டனர். மும்முறுக்கு என்ற அடிப்படை நிலைத்து நின்றது.

பின்னர் கர்த்தா வட அமெரிக்கா சென்றார். அங்கு டேவிட் ஹார்க்கர் என்பவர் 1950 முதல் ஒரே இலக்குடன் ஒரு குழுவை நடத்திவந்தார். அந்த இலக்கு ரிபோநியூக்கிளியேசின் உருவத்தைக் காண்பதாகும். புரூக்ளினில் தொடங்கிய அக்குழு 1959 இல் பஃபலோ நகரின் ரொஸ்வெல் பார்க் நிறுவனத்துக்கு இடம்பெயர்ந்தது. இந்நொதியத்தைத் தெரிவுசெய்ததற்குக் காரணம் எளியது. 124 அமினோ அமிலங்களே கொண்ட சிறிய புரதம் இது. ஆர்மர் என்னும் இறைச்சி நிறுவனம் மாட்டின் கணையத்திலிருந்து ஒரு கிலோகிராம் அளவில் தூய நொதியத்தைப் பிரித்தெடுத்து விஞ்ஞானிகளுக்கு வழங்கியிருந்தது. இறைச்சிக் கடையின் கழிவு எத்தனை ஆய்வுகூடங்களுக்கு உணவிட்டது என்று வியக்கத் தோன்றுகிறது.

ஆனால் பளிங்கு கிடைத்தாலும் உருவம் எளிதில் கிடைக்கவில்லை. எக்ஸ் கதிரைப் பளிங்கில் செலுத்தினால் சிதறிய கதிர்கள் புள்ளிகளாகப் பதிவாகும். புள்ளிகளின் செறிவு தெரியும். அலைகள் எந்த நிலையில் வந்து சேர்ந்தன என்பது பதிவாகாது. அதை அறியாமல் அணுக்களின் இடத்தைக் கணிக்க இயலாது. பளிங்கினுள் பார உலோக அணுக்களைப் புகுத்தி, ஏற்படும் மாற்றத்தை ஒப்பிடுவது ஒரு வழி. அந்த அணுக்களின் அசாதாரணச் சிதறலைப் பயன்படுத்துவது மற்றொன்று. சென்னையில் இராமச்சந்திரன் ஆழ்ந்து ஆராய்ந்த துறை அது. இவ்விரண்டையும் இணைக்கும் கணிப்பு முறையைக் கர்த்தாவும் ஆர். பார்த்தசாரதியும் 1965 இல் வெளியிட்டனர். ஹார்க்கர் தொடங்கிய பணி பதினேழாவது ஆண்டில் நிறைவுற்றது. கர்த்தா, ஜேக் பெல்லோ, ஹார்க்கர் மூவரின் பெயரில் கட்டுரை வெளிவந்தது. அமெரிக்காவில் கண்டறியப்பட்டு வெளியான முதற் புரத உருவம் அதுவே.

அந்த உருவம் சிறுநீரகத்தை ஒத்தது. நடுவே ஒரு பிளவு. புரதச் சங்கிலியில் 12 ஆம் இடத்திலும் 119 ஆம் இடத்திலும் உள்ள ஹிஸ்டிடின்கள், சங்கிலி மடிந்திருப்பதால், இப்பிளவில் அருகருகே அமைகின்றன. ஆர்.என்.ஏ. இழை அங்கு வந்து படியும்போது முதல் ஹிஸ்டிடின் இழையின் சர்க்கரையிலிருந்து ஓர் ஐதரசனைக் கவர்கிறது. விடுபட்ட ஒட்சிசன் அடுத்துள்ள பொசுபேற்றைத் தாக்குகிறது. அறுபடும் முனைக்கு மற்றைய ஹிஸ்டிடின் ஐதரசன் தருகிறது. இழை துண்டாகிறது. டி.என்.ஏ.யின் சர்க்கரையில் அந்த ஒட்சிசன் இல்லாமையால் அது தப்பிவிடுகிறது. இந்த இரு ஹிஸ்டிடின்களின் பங்கை இரசாயனவியலாளர்கள் முன்னரே ஊகித்திருந்தனர். அவை அருகருகே நிற்பதைக் கண்ணெதிரே காட்டியது பளிங்கு.

இயற்கை இத்தொழிலைப் பல வடிவங்களில் நடத்துகிறது. பார்னேசு என்னும் நொதியத்தை வெளியே சுரக்கும் பற்றீரியா ஒன்று, அது தன்னையே கொன்றுவிடாதிருக்க அதனை அடைத்துவிடும் மற்றொரு புரதத்தையும் உள்ளே வைத்திருக்கிறது. தக்காளியின் காட்டினங்கள் சிலவற்றில், தன் மகரந்தமே தன் சூலகத்துள் வளரப் புகுந்தால் இத்தகைய நொதியம் அதன் ஆர்.என்.ஏ.யை அழித்துத் தன்மகரந்தச் சேர்க்கையைத் தடுக்கிறது. டெங்கு வைரசோ மேலும் சூழ்ச்சி மிக்கது. இழையை ஒரு முனையிலிருந்து தின்றுவரும் நமது கலத்தின் நொதியம் ஒன்றை, தன் இழையின் இறுதிப் பகுதியிலுள்ள முடிச்சொன்றினால் தடுத்து நிறுத்துகிறது. எஞ்சிய துண்டு நமது நோயெதிர்ப்பையே குலைக்கப் பயன்படுகிறது.

இதே மாட்டு நொதியத்தின் அமினோ அமில வரிசையையும் மடியும் விதத்தையும் ஆராய்ந்த அன்பின்சன், மூர், ஸ்ரைன் ஆகியோர் 1972 இல் நோபல் பரிசு பெற்றனர். உருவத்தைக் கண்டவர்களை அப்பரிசு அணுகவில்லை. பின்னரும் பஃபலோவில் ஆய்வைத் தொடர்ந்த கர்த்தா 1984 ஜூன் மாதம் தமது 57 ஆவது வயதில் காலமானார். அவ்வாண்டின் அக்டோபரில் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு புரூஸ் மெரிபீல்டுக்கு அறிவிக்கப்பட்டது. அவர் தமது முறையால் செயற்கையாகக் கட்டிக் காட்டிய நொதியமும் ரிபோநியூக்கிளியேசுதான்.