எலும்பு தேடிய பார்னம் பிரவுன்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

எங்கள் பாட்டி ஊரில் நோம்பி நாட்களில் கிடாய் முட்டு நடக்கும். இரண்டு செம்மறிக் கிடாய்கள் பின்னால் பின்னால் போய், தலையைத் தாழ்த்தி ஓடிவந்து, மடார் என்று மோதிக்கொள்ளும். தேங்காய் உடைபடும் சத்தம் போல இருக்கும். சிறு வயதில் நான் கண்களை மூடிக்கொள்வேன். மண்டை பிளந்திருக்கும் என்று பயந்து பார்த்தால், அவை தலையை ஒருமுறை சிலுப்பிக்கொண்டு மறுபடியும் பின்வாங்கிக்கொண்டிருக்கும்.

ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, வட அமெரிக்காவில் இந்தக் கிடாய்களைத் தோற்கடிக்கும் மண்டை கொண்ட ஒரு விலங்கு வாழ்ந்தது. இரண்டு கால்களால் நடந்து, இலை தழைகளைத் தின்ற டைனோசர் அது. அதன் உச்சந்தலையில் கவிழ்த்த கிண்ணம் போன்ற கெட்டி எலும்பு இருந்தது. அந்த எலும்பின் கனம் சுமார் 25 சென்டிமீட்டர். தோழியரே, உங்கள் ஜியாமெட்ரி பெட்டியிலுள்ள சின்ன ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, அதற்கு மேல் இன்னும் முக்கால் ஸ்கேல் வைத்தால் எவ்வளவு உயரமோ அவ்வளவு! தடித்த தலையுடைய பல்லி என்று பொருள்படும்படி அதற்குப் பாக்கிசெபலோசாரஸ் என்று பெயர் வைத்தவர்கள் இருவர். அவர்களுள் மூத்தவர் பார்னம் பிரவுன். அவருடைய வரலாற்றையே இங்கு எழுத விரும்புகிறேன்.

பார்னம் பிரவுன் 1873ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்திலுள்ள கார்பண்டேல் என்னும் சிற்றூரில் பிறந்தார். அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த சர்க்கஸ் முதலாளி பார்னம் என்பவரின் பெயரையே குழந்தைக்கு இட்டனர். குடும்பத்தாருக்கு விவசாய நிலம் இருந்தது. அந்த நிலத்தின் அடியில் நிலக்கரியும் இருந்தது. தந்தையார் மேல்மண்ணை அகற்றி நிலக்கரி எடுக்கும்போது, கல்லாக மாறிய கடல் சிப்பிகள் கிளம்பி வரும். கடலுக்கு எத்தனையோ நூறு மைல்களுக்கு அப்பால் உள்ள வயலில் சிப்பி எப்படி வந்தது? சிறுவன் அவற்றைப் பொறுக்கிச் சேர்க்கத் தொடங்கினான். சேர்க்கும் அந்தப் பழக்கம் அவரை விட்டுக் கடைசிவரை போகவில்லை.

கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் வில்லிஸ்டன் என்னும் பேராசிரியரிடம் பயின்றார். 1895ஆம் ஆண்டில் அப்பேராசிரியருடன் வயோமிங் மாநிலத்துக்குச் சென்ற குழுவில் இவரும் இருந்தார். அக்குழு ட்ரைசெரடாப்ஸ் என்னும் மூன்று கொம்பு டைனோசரின் மண்டை ஓடு ஒன்றைக் கொண்டுவந்தது. இவருடைய வாழ்வில் குறுக்கிட்ட முதல் கொம்பு மண்டை அதுதான்.

நம் காங்கேயம் காளையின் கொம்பைப் பார்த்து வியக்கிறோம். கோவை காஸ் வன அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்துள்ள காட்டெருதின் முன் நின்றால் நமக்கே கால் நடுங்கும். ட்ரைசெரடாப்ஸின் மண்டையோ இரண்டு மீட்டருக்கும் மேல் நீளமுடையது. கண்களுக்கு மேல் இரண்டு நீண்ட கொம்புகள், மூக்கின்மேல் ஒரு குட்டைக் கொம்பு, கழுத்துக்கு மேல் விசிறி போல விரிந்த எலும்புத் தகடு. வாய் கிளியின் அலகு போல வளைந்திருந்தது. அலகுக்குப் பின்னால் பற்கள் நெருக்கமாக அடுக்கடுக்காய் இருந்தன. மேல் பல் தேய்ந்து விழ, அடியிலிருந்து புதுப்பல் எழும்பும். கத்தரிக்கோல் துணியை வெட்டுவது போல, அந்தப் பல்வரிசை கடினமான இலைகளையும் தண்டுகளையும் நறுக்கித் தள்ளியது.

1897ஆம் ஆண்டில் பிரவுன் நியூயார்க் நகரிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியில் அமர்ந்தார். 1902இல் மொன்டானா மாநிலத்தில், டைரனோசாரஸ் ரெக்ஸ் என்று பின்னர் பெயர் பெற்ற பெரிய ஊனுண்ணியின் எலும்புகளைக் கண்டெடுத்தார். இவருடைய புகழுக்கெல்லாம் அதுவே காரணம். ஆனால் அதைப் பற்றி எழுதாதவர் இல்லை என்பதால் நான் விட்டுவிடுகிறேன். அதே பகுதியில் ஏழு ஆண்டுகளில் ட்ரைசெரடாப்ஸ் மண்டைகளும் மண்டைத் துண்டுகளுமாக ஐந்நூறு வரை பார்த்ததாக அவர் கணக்கிட்டிருக்கிறார் என்பதுதான் எனக்கு அதைவிட வியப்பாக உள்ளது. அந்த நிலத்தில் ஆடு மாடு போல அவை நிறைந்திருந்தன போலும்!

எலும்பைத் தோண்டுவது எளிதன்று. கல்லான எலும்பு கை பட்டால் நொறுங்கும். எனவே சுற்றிலும் உள்ள பாறையோடு சேர்த்தே வெட்டி, சாக்குத் துணியைப் பிளாஸ்டர் மாவில் தோய்த்துச் சுற்றுவார்கள். கை முறிந்தவருக்கு மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போடுவார்களே, அதே முறைதான். பிறகு குதிரை வண்டியில் ஏற்றி, பாதையே இல்லாத மேடு பள்ளங்களில் ரயில் நிலையம்வரை இழுத்துச் செல்ல வேண்டும். இத்தனை புழுதியிலும் பிரவுன் கழுத்தில் டை கட்டிக்கொண்டும், சில நாட்களில் நீண்ட கம்பளி ரோமக் கோட்டு அணிந்துகொண்டும் நிற்பதைப் பழைய புகைப்படங்களில் காணலாம். நம் பள்ளியின் காலை அணிவகுப்பில் நின்றிருந்தால் சீருடைக்கான பரிசு அவருக்கே கிடைத்திருக்கும்.

1904ஆம் ஆண்டில் அவர் மேரியன் என்னும் ஆசிரியையை மணந்தார். 1908இல் பிரான்சஸ் என்ற மகள் பிறந்தாள். இரண்டே ஆண்டுகளில், 1910இல், மேரியன் செங்காய்ச்சலால் இறந்துபோனார். பிரவுன் குழந்தையைத் தாய்வழித் தாத்தா பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு, அந்தக் கோடையிலேயே கனடாவுக்குப் புறப்பட்டார். அப்போது பிரான்சஸுக்கு இரண்டு வயது. அவள் தாத்தா பாட்டியின் வீட்டிலேயே வளர்ந்தாள். இந்த இடத்தை எழுதும்போது என் பேனா சற்று நின்றது. துக்கத்தை மறக்க வேலையைத் தேடினார் என்று நாம் சமாதானம் சொல்லலாம். அவருக்குத் துக்கத்தை மறக்க ஒரு நாடே இருந்தது. தாயை இழந்த அந்தச் சிறு பெண்ணுக்கு என்ன இருந்தது?

கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ரெட் டியர் என்னும் ஆறு ஓடுகிறது. அதன் இரு கரைகளும் செங்குத்தாக வெட்டுப்பட்ட மண் மலைகள். பிரவுன் முப்பது அடி நீளமும் பன்னிரண்டு அடி அகலமும் உள்ள ஒரு தட்டைப் படகு கட்டி, அதன்மேல் கூடாரம் அடித்து, அடுப்பும் வைத்து, நீரோட்டத்தோடு மிதந்து சென்றார். காவிரியில் பரிசல் போவது போலத்தான். கரையில் எலும்பு தெரிந்தால் படகைக் கட்டிவிட்டு இறங்குவார்கள். கொசுக்கள் மேகம் போல மொய்க்க, முகத்தில் வலை கட்டிக்கொண்டு வேலை செய்தனர். 1910 முதல் 1915 வரை இப்படிக் கழிந்தது. கனடா அரசு தன் பங்குக்கு ஸ்டெர்ன்பெர்க் குடும்பத்தாரை அனுப்பியதால் ஆற்றில் போட்டியும் இருந்தது.

அந்த ஆற்றங்கரைகளிலிருந்து இவர் கொண்டுவந்தவற்றுள் பல, கழுத்துத் தகடு உடையவை. ஆங்கிசெரடாப்ஸ், லெப்டோசெரடாப்ஸ் என்னும் இரண்டுக்கும் 1914இல் இவரே பெயரிட்டார். மூக்கில் ஒற்றைக் கொம்புடைய வகையொன்றின் முழு எலும்புக்கூடுகளும் கிடைத்தன. அவற்றின் கழுத்துத் தகட்டைப் பார்த்தால் நடுவில் இரண்டு பெரிய ஓட்டைகள்! உயிரோடு இருந்தபோது அவற்றின்மேல் தோல் மூடியிருந்திருக்கும். சன்னல் வைத்த கேடயத்தை எந்தப் போர்வீரன் ஏந்துவான்? ஆகவே தகடு வெறும் தற்காப்புக்கு மட்டும் அன்று, தன் இனத்தாரை அடையாளம் காணவும், மயிலின் தோகை போலப் பகட்டாகக் காட்டவும் பயன்பட்டிருக்கும் என்று இன்றைய அறிஞர்கள் கருதுகின்றனர். ட்ரைசெரடாப்ஸின் தகட்டில் மட்டும் இந்த ஓட்டைகள் இல்லை. அதன் தகடுகளில் காணும் காயங்கள், கொம்போடு கொம்பு கோத்துப் போராடியதால் ஏற்பட்டவையாக இருக்கலாம் என்று 2009இல் ஓர் ஆய்வு கூறியது. ஆல்பர்ட்டாவில் ஒற்றைக் கொம்பினத்தின் எலும்புகள் ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் குவிந்து கிடப்பதும் பின்னாளில் தெரியவந்தது. மந்தையாகச் சென்றபோது பெருவெள்ளத்தில் சிக்கி மடிந்தன என்பர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1922ஆம் ஆண்டில் பிரவுன் இந்தியாவுக்கு வந்தார். லிலியன் என்பவரைக் கல்கத்தாவில் மணந்துகொண்டு, இருவருமாக இமயத்தின் அடிவாரத்திலுள்ள சிவாலிக் குன்றுகளில் கூடாரம் அடித்தனர். அங்கே அவருக்குக் கிடைத்தவை பழங்கால யானை முதலிய பாலூட்டிகளின் எலும்புகளும், ஒரு மாபெரும் ஆமையின் ஓடும். அந்த ஆமை நியூயார்க் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. டைனோசர் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கிடைக்கவும் முடியாது, ஏனெனில் சிவாலிக் பாறைகள் டைனோசர்கள் அழிந்து பல கோடி ஆண்டுகளுக்குப் பின் படிந்தவை. அடுத்து பர்மாவில் அவருக்குக் கடுமையான மலேரியா கண்டது. லிலியன் இரவும் பகலும் பணிவிடை செய்து உயிரைக் காப்பாற்றினார். அந்த நாட்களைப் பற்றி ‘நான் டைனோசரை மணந்தேன்’ என்று பொருள்படும் தலைப்பில் 1950இல் லிலியன் ஒரு நூலும் எழுதினார். கணவர் வேலையை விட்டு வீட்டுக்கு வரமாட்டார் என்று புரிந்துகொண்டு, வீட்டையே வேலையிடத்துக்குக் கொண்டுபோன கெட்டிக்காரப் பெண்மணி!

நம் கொங்கு நாட்டில் தோண்டினால் கிடைக்குமா என்று என் தம்பி கேட்டான். கிடைக்காது. இங்குள்ள பாறைகள் பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருவான மிகப் பழம்பாறைகள். நீலகிரிப் பாறையின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். சேறும் மணலும் படிந்து உண்டான பாறையில்தான் எலும்பு தங்கும். அதற்கு அரியலூர்ப் பக்கம் போகவேண்டும். அங்கே கிடைத்த சில எலும்புகளுக்கு 1979இல் திராவிடோசாரஸ் என்று பெயரிட்டு, முதுகில் தகடுகள் கொண்ட தாவர உண்ணி என்றனர். பின்னர் வந்த ஆய்வாளர் சிலர், அவை கடலில் நீந்திய ஊர்வனவற்றின் எலும்புகள் என்று மறுத்தனர். தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரே டைனோசரும் இப்படி வழக்கில் மாட்டிக்கொண்டதில் எனக்கு வருத்தந்தான். கொம்புத் தகடோ, குவிந்த மண்டையோ உடைய டைனோசர் இந்தியாவில் உறுதியாகக் கிடைத்ததில்லை.

பிரவுன் எழுதியதைவிடச் சேர்த்தது அதிகம். என்றாலும் முதுமையில், ஷ்லைக்யர் என்னும் இளம் அறிஞரோடு சேர்ந்து இரண்டு நல்ல நூல்கள் எழுதினார். 1940இல் வெளிவந்தது புரோட்டோசெரடாப்ஸ் பற்றியது. மங்கோலியாவில் அருங்காட்சியகத்தாரின் வேறொரு குழு கண்டெடுத்த, ஆட்டின் அளவேயுள்ள சிறு விலங்கு அது. குஞ்சு முதல் கிழம்வரை பல வயது மண்டைகள் கிடைத்திருந்தன. அவற்றை வரிசையாக வைத்தபோது, குஞ்சுக்குச் சிறிதாயிருந்த கழுத்துத் தகடு வயது ஏற ஏற அகன்று விரிவது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. கன்றுக்குக் கொம்பு முளைப்பது போல!

1943இல் வெளிவந்ததில்தான் பாக்கிசெபலோசாரஸ் வந்தது. மொன்டானாவில் எக்கலாக்கா என்ற ஊருக்கு அருகே ஒரு பண்ணையில் கிடைத்த மண்டை அது. அதற்கு முன்பும் குவிந்த மண்டைகள் அறிஞர்களுக்குக் கிடைத்திருந்தன. பற்களின் ஒற்றுமையால் அவற்றை ட்ரூடான் என்னும் வேறோர் இனத்தோடு சேர்த்துக் குழம்பியிருந்தனர். பிரவுனின் நூலும் அந்தக் குழப்பத்தைத் தீர்க்கவில்லை. இந்த விலங்குகள் கிடாய் போல முட்டினவா என்பது இன்றும் விவாதம். 2013இல் ஆராய்ந்தவர்கள், பார்த்த குவிமண்டைகளில் ஐந்தில் ஒன்றில் காயம் ஆறிய தழும்பு இருப்பதாகக் கண்டனர். முட்டியிருக்கும் என்றே நானும் நினைக்கிறேன். இளமையில் தட்டையான தலையும் முட்களும், வளர்ந்தபின் குவிந்த தலையும் இருந்திருக்கலாம் என்றும், தனித்தனி இனங்கள் என்று பெயரிடப்பட்ட சில, இதன் குஞ்சுகளே என்றும் சொல்கிறார்கள். 1986இல் கொம்புத் தகட்டினத்தையும் குவிமண்டையினத்தையும், மண்டையின் பின் விளிம்பில் இருவருக்கும் பொதுவாக உள்ள எலும்பு விளிம்பை வைத்து, ஒரே குடும்பமாகச் சேர்த்தனர். பிரவுன் அதைக் காண இருக்கவில்லை.

1942இல் ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஓயவில்லை. மகள் பிரான்சஸ் கல்வித் துறையில் பணியாற்றி, தந்தையின் வரலாற்றைப் பிற்காலத்தில் ஒரு நூலாக எழுதினார். அந்த நூலை நான் படித்ததில்லை. தம்மை விட்டுச் சென்ற தந்தையைப் பற்றி எழுத உட்காரும் மகளின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று மட்டும் எண்ணிப் பார்த்தேன்.

1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக உயிரளவு டைனோசர் உருவங்கள் செய்யப்பட்டபோது, பிரவுன் அவற்றுக்கு ஆலோசனை கூறிவந்தார். 1963 பிப்ரவரி 5ஆம் நாள், தொண்ணூறு வயது நிறைய ஒரு வாரம் இருக்கையில் காலமானார். அவ்வாண்டு அக்டோபரில் அந்த உருவங்கள் தெப்பம் போன்ற படகில் ஏற்றப்பட்டு, ஹட்சன் ஆற்றின் வழியாக நியூயார்க்குக்கு மிதந்து வந்தன. மூன்று கொம்பு ட்ரைசெரடாப்ஸும் அவற்றுள் ஒன்று.