கிளாட்ஸ்டன் பெருமகனாரும் பொதுப்பணக் காவலும்

குடிகள் இறுத்த வரிப்பொருளைச் செலவிடுதற்கு அக்குடிகளின் பிரதிநிதிகளே இசைவு தரல் வேண்டும் என்னும் நெறி ஆங்கில நாட்டில் நெடுங்காலமாக உள்ளது. ஆயினும், இசைவு பெற்ற பொருள் இசைந்த காரியத்திற்கே செலவாயிற்றா என்று முற்றும் ஆராயும் வழி பன்னாள் அமையவில்லை. அக்குறையை நீக்க முன்னின்ற வில்லியம் எவர்ட் கிளாட்ஸ்டன் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவர் 1809-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் லிவர்ப்பூல் நகரில் செல்வ வணிகர் ஒருவர்க்கு மகனாகப் பிறந்தார். ஆக்ஸ்போர்டுச் சர்வகலாசாலையில் பண்டை மொழிகள், கணிதம் ஆகிய இரண்டினும் முதல் வகுப்பில் தேறினார். 1832-இல் பார்லிமெண்டு அங்கத்தினராகவும், 1852-இல் பொக்கிஷ மந்திரியாகவும் ஆயினார். மறு ஆண்டு தம் முதல் வரவு செலவுத் திட்டத்தை ஏறக்குறைய ஐந்து மணி நேரம் சபையில் விளக்கினார். வருமான வரியை 1860-க்குள் ஒழிக்கக் கருதிய அவரே, கிரிமியப் போர் மூண்டமையால், 1854-இல் அதனை இருமடங்காக்க நேர்ந்தது.

அக்காலத்துக் காகிதத்தின்மீதும் வரி இருந்தது. அதனால் நூலும் பத்திரிகையும் ஏழைகட்கு எட்டாவாயின. அவ்வரியை நீக்க 1860-இல் அவர் கொணர்ந்த மசோதாவைப் பொதுமக்கள் சபை ஏற்றும், பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. கிளாட்ஸ்டன் தளர்ந்தாரல்லர். 1861-இல் அவ்வாண்டின் வரித் திட்டங்கள் அனைத்தையும் ஒரே மசோதாவாகப் பிணைத்தார். காகித வரியைக் காக்க விரும்பின், ஆண்டு வருவாய் முழுவதையுமே தடுத்தல் வேண்டும். அப்பழியை ஏற்கத் துணியாத பிரபுக்கள் இணங்கினர், வரி ஒழிந்தது.

அவ்வாண்டே அவர் முயற்சியால் பொதுக் கணக்குக் குழு தோன்றிற்று. 1866-இல் கணக்காய்வுச் சட்டம் நிறைவேறியது. அதன்படி, சபை இசைந்த தொகையே பொக்கிஷத்தினின்றும் வெளிவருமாறு காக்கவும், ஒவ்வோர் இலாகாவின் ஆண்டுக் கணக்கையும் ஆராயவும் தலைமைக் கணக்காயர் நியமிக்கப்பட்டார். பார்லிமெண்டின் இரு சபைகளும் வேண்டினாலன்றி அவரை நீக்கல் இயலாது. அவர் அறிக்கை சபைக்குச் செல்லும். கணக்குக் குழு அதிகாரிகளை அழைத்து வினவும். இங்ஙனம், செலவுக்கு முன் இசைவு, செலவுக்குப் பின் கணக்கு என்னும் வட்டம் நிறைவெய்தியது. நம் நாட்டிலும் அத்தகைய குழு 1921-இல் அமைந்தது.

நான்கு முறை பிரதம மந்திரியாயிருந்த இப்பெரியார் 1898-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் காலமானார். பிறர் பொக்கிஷத்தைக் காவல்செய்யப் பலர் முன்வருவர். திறவுகோல் தம் கையிலிருக்கும்பொழுதே தமக்குக் காவல் வைப்பவர் அரியர். மாணவராகிய நாம் நம் சங்கங்களில் கணக்குக் கேட்பவனைக் குறைகாண்போன் என்று இகழ்கின்றோம். அவனே சங்கத்தின் மெய்ந்நண்பன் என்பதை இவர் வாழ்க்கையினின்றும் உணர்வோமாக.