ஒற்றைக் கண்ணோடு ஆபிரிக்காவின் புற்றுநோய் வரைபடத்தை வரைந்த வைத்தியர்

1957ஆம் ஆண்டு. உகண்டாவின் கம்பாலா நகரில் உள்ள முலாகோ வைத்தியசாலைக்கு ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுவந்திருந்தார்கள். அவனைப் பார்க்கும்படி வைத்தியர் ஹியூ ட்ரொவெல், சத்திரசிகிச்சை நிபுணரான டெனிஸ் பேர்கிற்றை அழைத்தார். சிறுவனின் முகம் வீங்கி உருமாறியிருந்தது. மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் இரண்டு பக்கமும் கட்டிகள். பற்கள் ஆடிக்கொண்டிருந்தன. கிருமித் தொற்று என்றால் ஒரு பக்கம் வீங்கியிருக்க வேண்டும். புற்றுநோய் என்றாலும் ஓரிடத்தில்தான் தொடங்கியிருக்க வேண்டும். நான்கு மூலையிலும் ஒரே நேரத்தில் எப்படி வந்தது என்று பேர்கிற்றுக்கு விளங்கவில்லை. படம் எடுத்து வைத்துக்கொண்டார். அதற்குமேல் அவரால் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

சில கிழமைகள் கழித்து ஜின்ஜா என்ற ஊரின் வைத்தியசாலைக்குப் போனார். நோயாளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது யன்னலுக்கு வெளியே புல்தரையில் ஒரு தாயும் பிள்ளையும் இருப்பதைக் கண்டார். அந்தப் பெண் பிள்ளைக்கும் அதே முகம், தாடையின் நான்கு பக்கமும் வீக்கம். வெளியே போய்ப் பரிசோதித்தார். வயிற்றிலும் கட்டி இருந்தது. ஒரு பிள்ளைக்கு வந்தால் அபூர்வம் என்று விட்டுவிடலாம். இரண்டாவது பிள்ளையைக் கண்ட பிறகு அப்படி விட அவருக்கு மனம் வரவில்லை. முலாகோவுக்குத் திரும்பிப் பழைய நோயாளர் பதிவுகளைக் கிளறத் தொடங்கினார்.

வறிய நாடுகளில் ஈரல் புற்றுநோய் பற்றி எழுதுவதற்குத் தகவல் தேடியபோதுதான் நான் பேர்கிற்றிடம் வந்து சேர்ந்தேன். எந்த வழியால் போனாலும் 1960களின் கம்பாலா குறுக்கே வந்தது. அந்தக் கம்பாலாவுக்குள் போனால் இந்த மனிதர் நின்றார். வைத்திய மாணவர்கள் 'பேர்கிற் நிணநீர்ப் புற்றுநோய்' என்று மனப்பாடம் செய்யும் பெயர் இவருடையது. ஆனால் பெயருக்குப் பின்னால் உள்ள கதை பாடப்புத்தகத்தில் இரண்டு வரியோடு முடிந்துவிடுகிறது.

1911 பெப்ரவரி 28ஆம் திகதி வட அயர்லாந்தின் எனிஸ்கிலன் நகரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பார்சன்ஸ் பேர்கிற், மாவட்டத்தின் வீதி, பாலங்களுக்குப் பொறுப்பான பொறியியலாளர். பொழுதுபோக்காக ரொபின் குருவிகளின் காலில் வளையம் மாட்டி, எந்தக் குருவி எந்த வேலிக்குள் வாழ்கிறது என்று வரைபடம் வரைந்தவர். பறவையியலில் இன்றும் அவருக்கு ஓர் இடம் உண்டு. தகப்பன் குருவிகளுக்குச் செய்ததை மகன் பின்னாளில் நோய்க்குச் செய்தார் என்று சொன்னால் அது மிகையல்ல.

பதினொரு வயதில் பாடசாலைச் சிறுவர்களின் கல்லெறிச் சண்டையில் மூக்குக்கண்ணாடி உடைந்து டெனிஸ் ஒரு கண்ணை இழந்தார். டப்ளின் திரினிற்றிக் கல்லூரியில் பொறியியல் படிக்கச் சேர்ந்து, பிறகு மருத்துவத்துக்கு மாறினார். கடவுள் பக்தி மிகுந்தவர். ஆபிரிக்காவில் வேலை செய்வது தனக்கான அழைப்பு என்று நம்பினார். ஆனால் பிரித்தானியக் காலனித்துவ வைத்திய சேவைக்கு விண்ணப்பித்தபோது, ஒரு கண் இல்லாதவர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் உலகப்போர் வந்தது. இராணுவ வைத்தியராகக் கிழக்கு ஆபிரிக்காவில் கடமையாற்றினார். போர் முடிந்த பிறகு, 1946இல், அதே சேவை அவரை ஏற்றுக்கொண்டது.

முதல் நியமனம் உகண்டாவின் வடக்கே லீரா என்ற ஊரில். பெரிய மாவட்டம் ஒன்றின் முழுப் பொறுப்பும் அவரிடம். அங்கே விதைப்பையில் நீர் கோர்க்கும் நோயோடு நிறைய ஆண்கள் சத்திரசிகிச்சைக்கு வந்தார்கள். வந்தவர்களின் ஊர்களைக் குறித்துப் பார்த்தார். மாவட்டத்தின் ஒரு பக்கத்தில் நோய் மலிந்திருந்தது. மறுபக்கத்தில் மிக அரிதாக இருந்தது. நோய்க்கு ஊர் உண்டு என்ற எண்ணம் அவருக்கு லீராவில்தான் விழுந்தது என்று நினைக்கிறேன். 1948இல் முலாகோவுக்கு மாற்றப்பட்டார்.

இனிப் பதிவேடுகளுக்கு வருவோம். தாடைக் கட்டியோடு இறந்த பிள்ளைகளின் குறிப்புகளைப் பார்த்தால், பலருக்குச் சிறுநீரகம், சூலகம், ஈரல் என வேறு இடங்களிலும் கட்டி இருந்திருக்கிறது. தாடையில் கட்டி இல்லாமலே வயிற்றுக் கட்டிகளோடு இறந்த பிள்ளைகளும் இருந்தார்கள். ஒவ்வொன்றும் அந்தந்த உறுப்பின் பெயரில் தனித்தனி நோயாகப் பதியப்பட்டிருந்தது. எல்லாம் ஒரே நோய் என்பது பேர்கிற்றின் முடிவு. 1958இல் பிரித்தானிய சத்திரசிகிச்சைச் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அது நிணநீர்ப் புற்றுநோய் என்பதைக் கம்பாலாவின் நோயியல் நிபுணர்கள் அடுத்த சில ஆண்டுகளில் நிறுவினார்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த நோயை முதலில் கண்டவர் பேர்கிற் அல்ல. கம்பாலாவின் மெங்கோ வைத்தியசாலையை நிறுவிய அல்பேர்ட் குக், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இப்படியான தாடைக் கட்டியைத் தன் குறிப்புகளில் எழுதியிருந்தார். அதற்கும் முன்பே அந்தந்த ஊர்த் தாய்மாருக்கு அது தெரிந்திருக்கும். பிள்ளையைப் புதைத்தவர்கள் அவர்கள்தானே. எழுதப்படாத இழப்புகள் கணக்கில் வருவதில்லை என்பதை எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பேர்கிற் செய்தது எழுதியதும் எண்ணியதும்.

எண்ணுவதற்குக் கிடைத்த முதல் உதவித்தொகை 25 பவுண். அதில் நோயாளிப் பிள்ளைகளின் படங்களோடு துண்டுப்பிரசுரம் அச்சடித்து, ஆபிரிக்கா முழுவதும் அரச வைத்தியசாலைகளுக்கும் மிஷன் வைத்தியசாலைகளுக்கும் தபாலில் அனுப்பினார். இப்படியான பிள்ளைகளைக் கண்டிருக்கிறீர்களா என்பதே கேள்வி. பதில் வரவரச் சுவரில் மாட்டிய வரைபடத்தில் ஊசி குத்தினார். ஆபிரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு பட்டி தெரிந்தது. தெற்குப் பக்கம் ஒரு வால் நீண்டது. அந்த வால் எங்கே முடிகிறது, ஏன் முடிகிறது என்று நேரே போய்ப் பார்ப்பதென முடிவெடுத்தார்.

1961 ஒக்ரோபரில் 250 பவுணுக்கு வாங்கிய பழைய போர்ட் வாகனம் ஒன்றில் மூன்று வைத்தியர்கள் புறப்பட்டார்கள். பேர்கிற், கனடாவைச் சேர்ந்த கிளிஃப் நெல்சன், உகண்டாவின் வடமேற்கு மூலையில் மிஷன் வைத்தியராக இருந்த ரெட் வில்லியம்ஸ். வில்லியம்சுக்கு வாகனம் திருத்தத் தெரியும். அந்த வீதிகளில் அது பட்டத்தை விடப் பெரிய தகைமை. பத்துக் கிழமைகளில் 10,000 மைல் ஓடினார்கள். அறுபதுக்குக் கிட்டிய வைத்தியசாலைகளுக்குப் போனார்கள். போன இடமெல்லாம் படத்தைக் காட்டி, கண்டதுண்டா என்று கேட்டார்கள். மொத்தச் செலவு 700 பவுணுக்கும் குறைவு.

நான் படித்தது ஊடகக் கற்கை. யார், எங்கே, எப்போது என்று கேட்பதைத்தான் முதல் வருடத்தில் சொல்லித்தந்தார்கள். ஆய்வுகூடம் இல்லாத ஒருவர் அந்த 'எங்கே' என்ற ஒரு கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு கண்டம் முழுக்க அலைந்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

கிடைத்த விடை எதிர்பாராதது. பூமத்திய ரேகைக்கு அருகே சுமார் 5,000 அடிக்கு மேலான மலைப்பகுதிகளில் நோய் இல்லை. தெற்கே போகப்போக அந்த எல்லை உயரம் குறைந்துகொண்டே வந்தது. அப்படியென்றால் உயரம் காரணமல்ல, வெப்பநிலைதான் காரணம். குளிர் கூடிய இடத்திலும் மழை குறைந்த இடத்திலும் நோய் இல்லை. எண்டெபேயில் நுளம்பால் பரவும் வைரசுகளை ஆராய்ந்துகொண்டிருந்த அலெக்சாண்டர் ஹடோவுக்கு அந்த எல்லைக்கோடு பழக்கமானதாக இருந்தது. நுளம்பின் எல்லையும் அதுதான்.

அதே 1961 மார்ச்சில் லண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் பேர்கிற் உரையாற்றியபோது, கூட்டத்தில் அன்ரனி எப்ஸ்டீன் என்ற இளம் ஆய்வாளர் இருந்தார். புற்றுநோய்க்குப் பின்னால் ஒரு வைரஸ் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. கம்பாலாவிலிருந்து பிள்ளைகளின் கட்டித் துண்டுகள் விமானத்தில் லண்டனுக்குப் போகத் தொடங்கின. 1964இல் எப்ஸ்டீன், பேர்ட் அச்சோங், இவோன் பார் மூவரும் அந்த வைரசை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கண்டார்கள். மனிதரில் புற்றுநோயோடு தொடர்புபட்டதாக அறியப்பட்ட முதல் வைரஸ் அது. இன்று 'எப்ஸ்டீன்-பார்' என்று அழைக்கப்படுகிறது. அது நுளம்பால் பரவுவதில்லை, உலகில் பெரும்பாலானோரின் உடலில் இருக்கிறது. ஆபிரிக்கப் பிள்ளைகளில் மலேரியாவும் சேரும்போதுதான் ஆபத்தாகிறது. ஈரல் புற்றுநோய்க்குப் பின்னால் 'ஹெபடைற்றிஸ் பி' வைரஸ் இருப்பது தெரிந்தது இதற்குப் பிறகுதான்.

ஆய்வாளர்கள் பெயர் பெற்றார்கள். அந்தக் கட்டித் துண்டுகளுக்கு உரிய பிள்ளைகளின் பெயர்கள் எந்த வரலாற்றிலும் இல்லை.

ஆனால் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? உகண்டாவில் அப்போது கதிர்வீச்சுச் சிகிச்சை இல்லை. தாடையை வெட்டியெடுத்தும் பயனில்லை. சில மாதங்களில் இறந்துவிடுவார்கள். 1960இல் நியூயோர்க்கிலிருந்து ஜோசப் பேர்ச்செனல் வந்தபிறகு மெதொட்ரெக்சேற் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார் பேர்கிற். கட்டி கரைந்தது. சைக்ளோபொஸ்பமைட் இன்னும் நன்றாக வேலை செய்தது. பணக்கார நாடுகளில் மருந்துகளைத் திரும்பத் திரும்பக் கொடுப்பார்கள். இங்கேயோ மருந்து குறைவு, பிள்ளைகள் நெடுந்தூரத்திலிருந்து வந்தவர்கள், வீட்டுக்குப் போனால் பலர் திரும்பி வரமாட்டார்கள். ஒன்று அல்லது இரண்டு தடவை மட்டும் மருந்து பெற்றவர்களைப் பிறகு தேடிப்போனபோது சிலர் ஆண்டுக்கணக்கில் நோயில்லாமல் உயிரோடு இருந்தார்கள். 1967இல் அதை அறிக்கையாக வெளியிட்டார். மருந்தால் மட்டும் ஒரு புற்றுநோயைக் குணப்படுத்தலாம் என்பதற்கு உலகம் கண்ட முதல் சான்றுகளில் இதுவும் ஒன்று. வசதியான ஊரில் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகளைக் கதிர்வீச்சு அறைக்குத்தான் அனுப்பியிருப்பார்கள்.

'எங்கே' என்ற கேள்வி பிறகு மற்றப் புற்றுநோய்களுக்கும் போனது. பேர்கிற் ஏராளமான மிஷன் வைத்தியசாலைகளிடமிருந்து புற்றுநோய் விபரங்களைத் திரட்டினார். போலா குக் என்பவரோடு சேர்ந்து 1971இல் வெளியிட்ட ஆபிரிக்கப் புற்றுநோய் வரைபடங்களில் ஈரல் புற்றுநோயும் உண்டு. உகண்டாவில் வேறொரு குழு, வீடுகளிலும் சந்தைகளிலும் சேமித்து வைத்த கச்சான், சோளம், பயறு போன்ற 480 உணவு மாதிரிகளைச் சோதித்தது. ஏறக்குறைய 30 வீதமானவற்றில் பூஞ்சணத்தின் நஞ்சான அஃப்ளடொக்சின் இருந்தது. அது அதிகம் காணப்பட்ட பகுதிகளிலேயே ஈரல் புற்றுநோயும் அதிகமாக இருந்தது. ஈரம் பட்ட கச்சானைக் கழுவிக் காயவைத்துப் பாவிக்கும் வழக்கம் எங்களிடமும் உண்டு. நஞ்சு கழுவினாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது.

பேர்கிற் 1966இல் இங்கிலாந்துக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு அமெரிக்க உதவியோடு முலாகோவில் நிணநீர்ப் புற்றுநோய்ச் சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டது. 1971இல் இடி அமீன் ஆட்சியைப் பிடித்தார். வெளிநாட்டு வைத்தியர்கள் கிளம்பினார்கள், உதவி நின்றது. ஆட்கள் காணாமல்போகும் காலம் அது. நிலையத்தைப் பொறுப்பேற்றவர் சார்ள்ஸ் ஒல்வெனி என்ற உகண்டா வைத்தியர். மருந்துத் தட்டுப்பாட்டுக்கு நடுவே பிள்ளைகளுக்குச் சிகிச்சை கொடுத்தார். 1975இல் ஈரல் புற்றுநோயாளர்களுக்கு அட்ரியாமைசின் மருந்து கொடுத்த முடிவை உலகுக்கு அறிவித்ததும் அவருடைய குழுவே. பிந்திய பெரிய ஆய்வுகளில் அந்த மருந்தின் பயன் குறைவாகவே தெரிந்தது. ஆனாலும் அதைவிட நல்லது வரும்வரை பல நாடுகளில் பல ஆண்டுகள் அதையே கொடுத்தார்கள். என் கணக்கில் பேர்கிற்றின் கதையில் பாதி ஒல்வெனிக்கு உரியது.

பேர்கிற்றின் பிந்திய புகழ் வேறு. நார்ச்சத்துக் குறைந்த உணவே மேற்கு நாட்டு நோய்கள் பலவற்றுக்குக் காரணம் என்று ஊர் ஊராகப் பேசினார். 1979இல் அவர் எழுதிய நூல் பல மொழிகளில் விற்பனையானது. அந்தக் கருத்தின் சில பகுதிகள் இன்னும் விவாதத்தில் உள்ளன. 1993 மார்ச் 23ஆம் திகதி, 82ஆவது வயதில் காலமானார்.

உகண்டாவுக்குக் கதிர்வீச்சு இயந்திரம் 1995இல் வந்தது. 2016இல் அது திருத்த முடியாதபடி பழுதடைந்தது. நாடு முழுவதற்கும் இருந்தது அந்த ஒன்றுதான். அவருடைய பெயரைத் தாங்கிய நோய் வந்த பிள்ளைகளில், பணக்கார நாடுகளில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அந்த நோய் அடையாளம் காணப்பட்ட ஆபிரிக்காவின் பல இடங்களில் பாதிப்பேர்கூடப் பிழைப்பதில்லை. நோய் தெரியாததால் அல்ல. பிந்திக் கொண்டுவருகிறார்கள், மருந்து இருப்பில் இல்லை, பஸ்ஸுக்குக் காசில்லாமல் இரண்டாவது தடவைக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள்.