வாஸ்கோடகாமாவுக்கு விழா எடுக்கலாமா?

இந்தியாவுக்குக் கடல்வழி கண்டவர் யார்? ஒரு மார்க் கேள்வி. வாஸ்கோடகாமா என்று எழுதினால் மார்க் வந்துவிடும். ஆனால் அவர் வந்து 500 வருஷம் ஆனதற்கு 1998-ல் விழா எடுக்கப் பார்த்தபோது, நம் நாட்டில் ஏன் அவ்வளவு எதிர்ப்பு வந்தது என்று எந்தக் கேள்வித்தாளிலும் கேட்பதில்லை. அதனால் அவர் கதையை நான் இங்கே எழுதுகிறேன்.

போர்ச்சுக்கல் நாட்டில் சீனிஷ் என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர். 1497 ஜூலை 8-ல் 4 கப்பல், சுமார் 170 பேரோடு லிஸ்பனிலிருந்து புறப்பட்டார். எல்லாம் மிளகுக்காகத்தான்! நம்ம பக்கத்து மிளகு அரபு வியாபாரி, எகிப்து, வெனிஸ் என்று கை மாறி ஐரோப்பா போய்ச் சேருவதற்குள் விலை பல மடங்கு ஏறிவிடும். நேராகப் போய் வாங்கினால் லாபம் என்று அவங்க ராஜா மனுவேல் கணக்குப் போட்டார்.

ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, இன்றைய கென்யாவில் உள்ள மாலிந்திக்கு வந்தார்கள். அங்கே அந்த ஊர் அரசர் ஒரு வழிகாட்டி மாலுமியைக் கொடுத்தார். பருவக்காற்று தெரிந்த ஆள். ஒரு மாசம்கூட ஆகவில்லை, கப்பல் மலையாளக் கரைக்கு வந்துவிட்டது. 1498 மே 20-ல் கோழிக்கோடு பக்கத்தில் காப்பாட்டில் நங்கூரம் போட்டார்கள். வழி கண்டவர் என்று பேர் வாங்கியது ஒருத்தர், வழி காட்டியது இன்னொருத்தர். எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். அந்த மாலுமியின் பேர்கூட உறுதியாகத் தெரியவில்லை.

கரையில் முதலில் இறங்கியதும் காமா இல்லை. ஆபத்து வந்தால் வரட்டும் என்று ஒரு தண்டனைக் கைதியை இறக்கிவிட்டார்கள். அங்கே துனிசியா வியாபாரிகள் இரண்டு பேர் அவருக்குப் புரிகிற மாதிரி ஸ்பானிய மொழியிலேயே பேசினார்களாம். அதாவது உலகம் முழுக்க ஏற்கனவே வந்து போய்க்கொண்டிருந்த துறைமுகம் அது.

சாமூதிரி ராஜாவுக்குக் காமா எடுத்து வைத்த பரிசு என்ன தெரியுமா? கொஞ்சம் துணி, தொப்பி, பவளம், கை கழுவும் பாத்திரம், சர்க்கரை, எண்ணெய், தேன். அரண்மனை அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். நம்ம குருவிகுளத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு இப்படிச் சீர் கொண்டு போனாலே ஒரு வருஷம் பேசுவாங்க!

திரும்பும்போது காற்று மாறும்வரை காத்திருக்கவில்லை. ஒரு மாசத்துக்குள் வந்த கடலைக் கடக்க 3 மாசம் ஆனது. பழம், காய்கறி இல்லாமல் ஸ்கர்வி நோய் வந்து ஈறு வீங்கி ஒவ்வொருவராகச் செத்தார்கள். வைட்டமின் சி குறைந்தால் வருகிற நோய்தான். ஓட்ட ஆள் இல்லாமல் ஒரு கப்பலை அவங்களே எரித்துவிட்டாங்க. தம்பிக்குத் துணையாக வந்த அண்ணன் பாவுலோவும் வழியிலேயே இறந்தார். ஊர் திரும்பியது சுமார் 55 பேர். இதுவரை படித்தால் யாருக்கும் இரக்கம் வரும்.

1502-ல் மறுபடி வந்தார், இந்தத் தடவை பீரங்கிகளோடு. மக்காவுக்குப் போய்விட்டுத் திரும்பிய ஒரு கப்பலை மறித்து, பொருளை எடுத்துக்கொண்டு, ஆட்களோடு கொளுத்தினார். நூற்றுக்கணக்கான பேர், பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். பிறகு கோழிக்கோடு நகரத்தையும் குண்டு போட்டுத் தாக்கினார்.

இப்போது 1998-க்கு வருவோம். போர்ச்சுக்கல்லில் பெரிய கொண்டாட்டம். லிஸ்பனில் 12 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான பாலம் கட்டி அவர் பேர் வைத்தார்கள், உலகக் கண்காட்சியும் நடத்தினார்கள். இங்கேயும் சுற்றுலாவுக்காக விழா எடுக்கலாம் என்று பேச்சு கிளம்பியது. கேரளாவிலும் கோவாவிலும் எதிர்ப்பு வந்தது. எரிந்த கப்பலையும் அடிமைப்பட்ட காலத்தையும் சொல்லிக் கேள்வி கேட்டார்கள். இங்கே விழா நின்றுபோனது.

சிலர் நல்லதும் வந்ததே என்பார்கள். அதுவும் பொய்யில்லை. ஜன்னல், மேஜை, அலமாரி, சாவி எல்லாம் போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன சொற்கள். நம்ம கரிசல் காட்டில் விளைகிற மிளகாய்கூட அமெரிக்காவில் பிறந்து, இவங்க கப்பல் வழியாக வந்ததுதான். மிளகு வாங்க வந்தவங்க மிளகாயைத் தந்துவிட்டுப் போனாங்க! ஆனால் மிளகாய்க்காக எரிந்த கப்பலை மறக்க முடியுமா? என் கருத்து, மாலையும் மேளமும் வேண்டாம். பேசுவதற்கு ஒரு கூட்டம் போடலாம். அதில் மாலிந்தி மாலுமியைப் பற்றியும் அந்தக் கப்பலில் போனவர்களைப் பற்றியும் பேச வேண்டும்.

மூன்றாவது முறை 1524-ல் வைஸ்ராயாக வந்தார். சில மாசம்தான் இருந்தார். டிசம்பர் 24-ல் கொச்சியில் இறந்தார். அங்கே பிரான்சிஸ் தேவாலயத்தில் புதைத்து, 1539-ல் உடலைப் போர்ச்சுக்கல்லுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். கொச்சிக்கு டூர் போனால் பாருங்கள், கல்லறைக் கல் மட்டும் கம்பித் தடுப்புக்குள் இருக்கிறது. உள்ளே ஆள் இல்லை.